லங்காஷயரில் ஆற்றிய பீர்

நான் குடிக்கிறவன் இல்லை. என்னோடு வந்த இப்ராகிம் ஐந்து வேளையும் தொழுகிறவன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இங்கிலாந்தில் ஒரு பீர் போட்டியில் ஜெயித்தோம் என்று சொன்னால் ராஜபாளையத்தில் ஒருத்தரும் நம்புவதில்லை. மில் கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் இந்தக் கதையை நான் ஆரம்பித்தாலே பாதிப்பேர் எழுந்து போய்விடுகிறார்கள். எழுதி வைத்தால் எழுந்து போக முடியாது என்பதால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஸ்பின்னிங் மில்லுக்குப் புது கார்டிங் மெஷின்கள் வரவிருந்தன. பஞ்சைச் சீவிச் சீராக்குகிற மெஷின். அதைப் பிரித்து மாட்டப் பழகிக்கொண்டு வரும்படி பிட்டரான என்னையும், ஆட்களை வேலை வாங்குகிற ஜாபரான இப்ராகிமையும் ஒரு மாதத்துக்கு லங்காஷயர் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பினார்கள்.

என் மனைவி செல்லத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. எனக்கு விசா வந்ததைவிட அவளுக்கு என் காப்பிதான் பெரிய கவலை. "அங்கன காப்பின்னு வெந்நியத்தான் குடுப்பாகளாம். இதக் கொண்டு போங்க. சுணங்காம ரெண்டு வேளையும் போட்டுக் குடிங்க" என்று பித்தளைப் பில்டரையும், அவள் ஊர்க் கடையில் கண் முன்னால் அரைத்து வாங்கின இரண்டு கிலோ தூளையும் பெட்டியில் அடுக்கினாள். அதற்கு மேல் ஒரு டப்பா பால்கோவா. இப்ராகிமின் அண்ணன் ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரி பேண்டேஜ் தயாரிக்கிறவர். அவர் தம்பியின் பெட்டியில் ஒரு டஜன் காஸ் துணிச் சுருளைத் திணித்து, "எவனாச்சும் கம்பெனிக்காரன்கிட்ட காட்டு. ஆர்டர் கெடச்சாலும் கெடைக்கும்" என்றார். ஆர்டர் கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் துணி சும்மா திரும்பி வரவும் இல்லை.

விமான நிலையத்தில் ஓர் அதிகாரி பில்டரைத் தனித்தனியாகக் கழற்றி மேஜையில் பரப்பினார். "இது என்ன இயந்திரத்தின் பாகம்?" என்று கேட்டார். நான் தூள் பொட்டலத்தைப் பிரித்து அவர் மூக்கருகே நீட்டினேன். அவர் இன்னொரு முறை முகர்ந்தார். பிறகு பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டு முகரச் சொன்னார். பால்கோவா டப்பாவைத் திறக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து அவசரமாகப் பெட்டியை மூடினேன்.

எங்களுக்குத் தங்க இடம் கொடுத்தவர் ஹாரி. மெஷின் தொழிற்சாலையில் ஃபோர்மேன், எங்களுக்கு வாத்தியாரும் அவர்தான். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். ஆள் ஆறடி, பேச்சு அரையடி. முதல் நாள் கதவைத் திறந்து "மாடியில்" என்றார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு "உருளைக்கிழங்கு" என்றார். அந்த வாரம் முழுக்க அதே வார்த்தையைத்தான் சொன்னார். வேகவைத்தது, மசித்தது, வறுத்தது. உப்பைக் கண்ணில் காட்டியிருந்தார், அவ்வளவுதான். இப்ராகிமுக்கு ஹலால் கறி கிடைக்கவில்லை. மீன் வறுவலும் முட்டையுமாகக் காலம் தள்ளினான்.

இரண்டாம் நாள் ஹாரி முன்னாலேயே கிளம்பிவிட, நாங்கள் மாடி பஸ்ஸில் தொழிற்சாலைக்குப் போனோம். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் இறங்குகிற இடம் வந்தால் பத்துப் பேர் சேர்ந்து கத்துவார்கள். இங்கே கம்பத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கினால்தான் நிற்குமாம். அது தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பஸ் கடைசி நிறுத்தத்தில் ஒரு ஆட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு இங்கே ஆடுகளைத் தெரியுமா?" என்று கேட்டார். மூன்று மைல் நடந்து திரும்பினோம். மழையும் கூடவே வந்தது.

மூன்றாம் நாள் ஹாரியின் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியைப் பார்த்தேன். காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல அதற்குக் கம்பளி போர்த்தியிருந்தது. ஹாரி மூடியைத் தூக்கிக் காட்டினார். கறுப்பாக, நுரை கட்டி, முணுமுணுவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பில்லாத கொதிப்பு. கள்ளுக்கடையைக் கடந்து போகும்போது வருகிற வாடையில் வறுத்த தானிய வாசம் கலந்திருந்தது.

ஸ்டவுட் என்றார். கருக வறுத்த பார்லியில் செய்கிற கறுப்பு பீர். நம் வீடுகளில் வடகம் போடுவது மாதிரி அங்கே வீட்டிலேயே போடுகிறார்கள், சட்டமும் ஒன்றும் சொல்வதில்லை. தொழிலாளர் கிளப்பில் வருஷா வருஷம் வீட்டு ஸ்டவுட்டுக்குப் போட்டி உண்டு. ஹாரி ஒன்பது வருஷம் கலந்துகொண்டிருக்கிறார். ஒன்பது வருஷமும் இரண்டாவது. முதல் பரிசான வெள்ளிக் கோப்பை ஒவ்வொரு தடவையும் தொழிற்சாலை ஸ்டோர் கீப்பர் ஆல்பர்ட்டுக்குத்தான். போன வருஷம் நடுவர் ஹாரியிடம் சொன்னாராம்: "நல்ல பீர்தான். ஆனால் விழுங்கின பிறகு வாயில் ஒன்றும் மிச்சம் நிற்கவில்லை."

இதை ஹாரி சொன்னபோது அவர் முகம் துக்க வீட்டில் பார்க்கிற முகமாக இருந்தது. வந்ததிலிருந்து அவர் பேசிய மிக நீளமான பேச்சும் அதுதான். அந்தக் கோப்பை அவருக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

வாயில் மிச்சம் நிற்கவில்லை என்கிற குறையை ஸ்ரீவில்லிபுத்தூர் மாப்பிள்ளையிடம் வந்து சொன்னால் அவன் சும்மா இருப்பானா? மறுநாள் காலை பில்டரில் இறங்கிய டிகாஷனை ஒரு கிண்ணத்தில் நீட்டினேன். ஹாரி போன வருஷத்துப் பாட்டில் ஒன்றைத் திறந்து, கிளாஸில் ஊற்றி, ஒரு கரண்டி டிகாஷனைக் கலந்து குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று.

"இன்னும் இருக்கிறது" என்றார், நாக்கைத் தொட்டுக் காட்டி. அப்புறம், "நாற்பது பாட்டில் வரும். இருபதில் கலப்போம்."

"நாற்பதிலும் கலந்துவிடுங்கள்" என்றேன். அவர் யோசித்தார். நான் விடவில்லை. எங்கள் ஊர்க் காப்பியைப் பாதி நம்புவது என்ன நம்பிக்கை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவரைத் துளைத்தேன். என் வாய் இருக்கிறதே, அது எப்போதும் என்னைவிட இரண்டு அடி முன்னால் போகும்.

ஆறாம் நாள் சாயங்காலம் பாட்டிலில் அடைத்தோம். நம் பில்டர் சின்னது, நாற்பது பாட்டிலுக்கு ஒன்பது ஈடு போட வேண்டியிருந்தது. நான் சமையலறையில் தூளைப் போட்டு, அமுக்கி, வெந்நீர் ஊற்றி, இறக்கி ஆறவைத்துக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஹாரி ஒவ்வொரு பாட்டிலிலும் அரை ஸ்பூன் சீனி போட்டு, டிகாஷனும் பீரும் ஊற்றி, தகர மூடியை வைத்து அடித்தார். அந்த அரை ஸ்பூன் பாட்டிலுக்குள் மறுபடி நொதித்துக் காற்றாக மாறுமாம், அதுதான் நுரையாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது; அப்போது அவருக்கும் தித்திப்புப் பிடிக்கும்போல என்று மட்டும் நான் நினைத்துக்கொண்டேன்.

இப்ராகிம் மாடிப்படியில் உட்கார்ந்து பேப்பரில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏலே, நீ எதுல வேணும்னாலும் ஊத்து. என்னைய மட்டும் கூப்புடாத" என்றான். அவனை எவரும் கூப்பிடவில்லை. பாட்டில்களை வெந்நீர் பாய்லருக்குப் பக்கத்தில் கதகதப்பான அலமாரியில் அடுக்கினோம்.

அதற்குப் பிறகு பத்து நாளுக்கு மேல் மெஷினோடு மல்லுக்கட்டினோம். பதினேழாம் நாள் மாலை ஆறரை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். உருளைக்கிழங்கு. அலமாரியில் டமார் என்றது.

நாங்கள் சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள், சரவெடி எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் இது அலமாரிக்குள் வெடித்த சரம். ஒன்று வெடித்தது பக்கத்தை உடைத்தது, அது அடுத்ததை உடைத்தது. ஹாரி ஓடிப்போய்க் கதவைத் திறந்து, மிச்சத்தைக் காப்பாற்றக் கையை உள்ளே விட்டுவிட்டார். வலது உள்ளங்கை நீளமாகக் கிழிந்தது. கறுப்பு நுரை தரை முழுக்க ஓடியது, அதில் ரத்தம் சொட்டியது. வீடு முழுக்க எங்கள் ஊர்க் காப்பி வாசம். அந்த வாசத்தை அன்று நான் வெறுத்தேன்.

"கைய மேல தூக்கிப் புடிக்கச் சொல்லுலே" என்று இப்ராகிம் கத்திக்கொண்டு மாடிக்கு ஓடினான். அண்ணன் கொடுத்த காஸ் சுருளைக் கொண்டுவந்து, கண்ணாடித் தூளைத் துடைத்து எடுத்து, ஆஸ்பத்திரிக்காரன் தோற்கும்படி இறுக்கிக் கட்டினான். ஹாரி கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்ல துணி" என்றார். பிறகு அலமாரியைப் பார்த்தார். நாற்பதில் ஆறு மிஞ்சியிருந்தன. போட்டிக்கு மூன்று நாள்.

ஏன் வெடித்தது என்று ராத்திரி அவருக்கு விளங்கவில்லை. அரை ஸ்பூன், அரை ஸ்பூன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை நான் வழக்கம்போலப் பில்டரில் தூளைப் போட்டு, அதன் தலையில் இரண்டு ஸ்பூன் சீனியைத் தூவினேன். ஹாரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்ன?"

"சீனி."

"எதற்கு?"

"டிகாஷன் திக்காக இறங்கும். எங்கள் வீட்டில் இப்படித்தான்."

"ஒவ்வொரு ஈட்டுக்குமா?"

சொல்லும்போதே எனக்குக் குரல் இறங்கிவிட்டது. "ஒவ்வொரு ஈட்டுக்கும்."

ஒன்பது ஈட்டுக்கும் பதினெட்டு ஸ்பூன். செல்லத்தாய் கையில் பார்த்துப் பார்த்து என் கைக்கும் வந்துவிட்ட பழக்கம். உலைக்கு உப்புப் போட்டதை யாராவது தனியாகச் சொல்வார்களா? அப்படித்தான் நானும் அவரிடம் சொல்லவில்லை. அவர் அளந்து போட்ட சீனிக்கு மேல் நான் அளக்காமல் கிட்டத்தட்ட அதே அளவு போட்டிருக்கிறேன், பாட்டில் எப்படித் தாங்கும்? ஹாரி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அன்று முழுக்கத் தொழிற்சாலையில் என்னோடு பேசவில்லை. ஸ்பேனரை நீட்டுவார், வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். மத்தியானம் ஆல்பர்ட் எங்களைக் கடந்து போகையில், "ஹாரி, பட்டாசு விட்டாயாமே?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது. வீடு கொடுத்தவர் வீட்டைக் கெடுத்தேன், கையைக் கெடுத்தேன், பத்தாவது வருஷத்தையும் கெடுத்தேன்.

"விடுலே, தெரிஞ்சா செஞ்ச?" என்றான் இப்ராகிம்.

"தெரிஞ்சு செஞ்சாத்தானே திருத்திக்கலாம். தெரியாம செஞ்சத எப்புடித் திருத்த?" என்றேன்.

சாயங்காலம் ஹாரி ஆறு பாட்டிலில் ஒன்றை எடுத்து முற்றத்தில் வைத்துத் திறந்தார். நுரை அவர் தாடை வரைக்கும் எழும்பியது. கிளாஸில் நுரையைத் தவிர ஒன்றும் இல்லை. அது அடங்கின பிறகு அடியில் தேங்கியதைக் குடித்துப் பார்த்தார். அதே மாதிரி கண்ணை மூடினார். "ருசி இருக்கிறது. ஆனால் ஊற்ற முடியாது" என்றார்.

ஊற்ற முடியாது என்றதும் என் கை தானாக நீண்டது. மில்லில் சேர்வதற்கு முன்னால் மூன்று வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு காப்பிக் கடையில் மாஸ்டராக இருந்தவன் நான். திருவிழாக் கூட்டத்தில் நானூறு காப்பி ஆற்றியிருக்கிறேன். சமையலறையில் இருந்து இரண்டு எனாமல் ஜக்கை எடுத்தேன். பாட்டிலில் மிச்சமிருந்ததை ஒன்றில் சாய்த்து, அடுத்ததற்கு ஒரு சாண் உயரத்தில் ஊற்றினேன். பிறகு ஒரு முழம். பிறகு கை எட்டுகிற மட்டும். முரட்டு நுரையெல்லாம் உடைந்து காற்று வெளியேறியது. நாலாவது ஆற்றலில் அடியில் கறுப்பும் மேலே பால்கோவா நிறத்தில் இரண்டு விரல் நுரையுமாக நின்றது.

ஹாரி கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "உன் கைதான் என் கை" என்றார். அன்றைக்கு அவர் என்னோடு பேசியது மொத்தமே ஐந்தாறு வாக்கியம், ஆனால் இந்த ஒன்று எனக்கு ஒரு வருஷச் சம்பளம்.

மீதி ஐந்து பாட்டிலையும் குளிர்ந்த முற்றத்துக்கு மாற்றினோம். தினமும் நான் மூடியைக் கொஞ்சம் நெம்பிக் காற்றை விட்டு மறுபடி அடித்தேன்.

சனிக்கிழமை ஹாரியின் பழைய வேன் கிளம்பவில்லை. தள்ளிப் பார்த்தோம், இருமியது, அவ்வளவுதான். பஸ்ஸில் போனோம். பாட்டில் கூடை என் மடியில், என் கம்பளிக்குள். இப்ராகிம், "ஜக்க நான் தூக்குறேன். பாட்டிலத் தொட மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லி, இரண்டு ஜக்கையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஒரு மூடி பிய்த்துக்கொண்டு போய், முன்சீட்டு அம்மாளின் தொப்பி மேல் கறுப்பு நுரை பொழிந்தது. நாங்கள் செத்தோம் என்று நினைத்தேன். அவர் கன்னத்தில் வழிந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "இது எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். ஹாரி சிரித்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான்.

கிளப் கூடத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். போட்டியாளர் தன் ஸ்டவுட்டை நடுவர்கள் மூன்று பேருக்கும் எதிரிலேயே ஊற்றித் தர வேண்டும். ஆல்பர்ட் ஊற்றினார். அழகாக, சொட்டுச் சிந்தாமல். நடுவர்கள் தலையை ஆட்டினார்கள். அடுத்து ஹாரியின் பேரைக் கூப்பிட்டார்கள். அவர் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி என்னை முன்னால் தள்ளினார். நான் மேஜையில் ஜக்குகளை வைத்தேன்.

"இது பீர் போட்டியா, சர்க்கஸா?" என்று ஆல்பர்ட் கத்தினார்.

வெள்ளை மீசை வைத்த தலைமை நடுவர் விதித் தாளைப் புரட்டினார். "எந்த உயரத்தில் இருந்து ஊற்ற வேண்டும் என்று ஒன்றும் எழுதவில்லை" என்றார்.

இரண்டு பாட்டிலைத் திறந்தேன். ஹாரியின் ஒன்பது வருஷமும் அந்த ஜக்கில் இருந்தது. முதல் ஆற்றலில் நுரை விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்தது, கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தேரடிக் கூட்டத்தை ஞாபகப்படுத்திவிட்டது. கோபம் வந்தால் என் கைக்குக் குறி தப்பாது. இரண்டாவது ஆற்றலில் ஒரு முழம். மூன்றாவதில் தலைக்கு மேலிருந்து இடுப்புக்கு. கறுப்புக் கயிறு மாதிரி இறங்கியது, ஒரு சொட்டு வெளியே போகவில்லை. சிரித்த ஆள் எழுந்து நின்று பார்த்தார். ஐந்தாவது முடிந்ததும் மூன்று கிளாஸில் நிரப்பி நகர்த்தினேன்.

தலைமை நடுவர் குடித்தார். காத்திருந்தார். மறுபடி குடித்தார். மூன்றாவது நடுவர் குறிப்பெழுத மறந்து கிளாஸைக் காலி செய்துவிட்டார். வெள்ளை மீசைக்காரர் உதட்டில் நுரையோடு ஹாரியைப் பார்த்து, "விழுங்கிய பிறகும் போக மாட்டேன் என்கிறது" என்றார்.

அதற்கு மேல் அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. கூடமே மேஜையைத் தட்டியது. ஹாரி ஜெயித்துவிட்டார்! நான் இப்ராகிமைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அவனும் குதித்துக்கொண்டே கத்தினான்: "ஜெயிச்சிட்டோம்லே! எம்புட்டுக் கூட்டம் பாரு, அம்புட்டுப் பேரும் நமக்குத்தான் தட்டுதாக!"

வெள்ளிக் கோப்பை வந்தது. அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம். ஜெயித்த பீரைக் கோப்பையில் ஊற்றி, அதைச் செய்ய உதவின அத்தனை பேரும் ஆளுக்கொரு வாய் குடித்த பிறகுதான் கோப்பை கைக்கு வரும். மிச்சமிருந்த இரண்டு பாட்டிலில் ஒன்றை ஒருவர் திறக்கப் போனார். கூடம் எங்களைப் பார்த்துத் தாளம் போட ஆரம்பித்தது. குடி, குடி, குடி. நான் இப்ராகிமைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"நாங்க வெளிய நிக்கோம்னு சொல்லுலே. அவரு ஜெயிச்சது ஜெயிச்சதா இருக்கட்டும்" என்றான்.

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ஹாரி பாட்டில்காரரின் கையைப் பிடித்து நிறுத்தினார். தாளம் நின்றது. "இவர்கள் குடிப்பதில்லை" என்றார். "இது அவர்கள் செய்த பீர். அவர்கள் வாய் வைக்க முடியாத கோப்பை எனக்கு வேண்டாம்." அரையடிப் பேச்சுக்காரர் ஒரு கூடத்துக்கு முன்னால் அதைச் சொல்லிவிட்டுக் கோப்பையை மேஜையில் திருப்பி வைத்துவிட்டார்.

ஆல்பர்ட்தான் எழுந்தார். ஒன்பது வருஷம் தன் அலமாரியில் வைத்திருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு கிளப் சமையலறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. பீர் வாடை போக, சோப்பும் வெந்நீரும் போட்டு மூன்று முறை கழுவினார், ஒவ்வொரு முறையும் இப்ராகிமைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே. பிறகு என்னைக் கூப்பிட்டு, "பால் அடுப்பில் இருக்கிறது. உன் காப்பியைப் போடு" என்றார்.

தொழிற்சாலையில் மத்தியானக் காப்பிக்காக என் பையில் டிகாஷன் புட்டி எப்போதும் இருக்கும், அவரும் பார்த்திருக்கிறார். போட்டேன், ஆற்றினேன், கோப்பையில் ஊற்றினேன். இப்ராகிம் இரண்டு கையாலும் வாங்கி, பிஸ்மில்லா சொல்லிக் குடித்தான். அடுத்து நான் ஒரு வாய் குடித்து, மிச்சக் காப்பியை ஹாரியிடம் நீட்டினேன். ஒன்பது வருஷம் இரண்டாவதாக வந்த மனிதர், முதலாவதாக வந்த அன்றைக்குத் தானாக விரும்பி மூன்றாவதாகக் குடித்தார்.